அறவழி இணங்கவைத்தல்: ஜொகூர், 1945–1951

அறவழி இணங்கவைத்தல் என்பது, சட்டத்தின் கட்டாயமோ தண்டனை அச்சமோ இன்றி, ஒருவரின் மனச்சான்றையும் பொறுப்புணர்வையும் நோக்கிப் பேசி, அவர் தாமாகவே ஒரு முடிவுக்கு வரச் செய்யும் முறையாகும். ஆங்கிலத்தில் இதற்குரிய 'சுவேஷன்' என்னும் சொல் லத்தீன் மூலத்தது. தனியே அரிதாகவும், 'மாரல் சுவேஷன்' என்ற தொடரில் மிகுதியாகவும் வழங்குவது. 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் மதுவிலக்கு இயக்கத்தாரும், அடிமை முறையை எதிர்த்த வில்லியம் லாயிட் காரிசனைச் சார்ந்தோரும் இத்தொடரைத் தம் கொள்கைப் பெயராகவே கொண்டிருந்தனர். இக்காலப் பொருளியல் நூல்களோ, மைய வங்கி ஆணை பிறப்பிக்காமல் பிற வங்கிகளை நெறிப்படுத்துவதை இப்பெயரால் குறிக்கின்றன.

மலாயா அரசியலில் இம்முறையின் வலிமையும் எல்லையும் ஒருசேர வெளிப்பட்டது ஜொகூரைச் சேர்ந்த டத்தோ ஓன் ஜாபாரின் வாழ்க்கையில்தான். 1945 ஆகஸ்ட்டில் ஜப்பான் சரணடைந்ததை ஒட்டிய மாதங்களில், பெரும்பாலும் சீனர்களைக் கொண்ட ஜப்பானிய எதிர்ப்புப் படையினர், ஜப்பானியருக்குத் துணைநின்றோர் எனக் கருதியவர்களைத் தண்டிக்கத் தொடங்க, பத்து பகாட், மூவார் வட்டாரங்களில் அது மலாய்-சீனக் கலவரமாக மாறியது. பத்து பகாட்டின் மாவட்ட அதிகாரியாக இருந்த ஓன், சீனர்மீது பாயத் திரண்டிருந்த மலாய்ப் படையின் தலைவர் கியாய் சாலேயை நேரில் சந்தித்துப் பேசித் தாக்குதலைக் கைவிடச் செய்தார். அவருடைய பிற்கால அரசியல் வெற்றிகள் அனைத்தினும் இச்செயலே உயர்ந்தது எனலாம். ஏனெனில் இதனால் நேரடியாகக் காக்கப்பட்டவை உயிர்கள்.

அதே ஆண்டின் இறுதியில் பிரிட்டிஷ் தூதர் ஹாரல்ட் மெக்மைக்கல் கையாண்ட வழி இதற்கு நேர்மாறானது. சுல்தான்களின் இறையாண்மையை பிரிட்டிஷ் முடியாட்சிக்கு மாற்றி, மலாய்க்காரரல்லாதாருக்கும் பரவலாகக் குடியுரிமை வழங்கும் மலாயன் யூனியன் திட்டத்திற்கு அவர் ஒவ்வொரு சுல்தானிடமும் கையொப்பம் பெற்றார். ஜப்பானியர் காலத்து நடத்தை குறித்த விசாரணை தலைக்குமேல் தொங்கிய நிலையில், ஆலோசிக்கப் போதிய அவகாசமும் தரப்படாமல் பெறப்பட்ட அந்த ஒப்புதலை இணக்கம் என்று சொல்வது பொருந்தாது. முதலில் கையொப்பமிட்டவர் ஜொகூர் சுல்தான் இப்ராகிம்.

1946 மார்ச்சில் கோலாலம்பூரில் கூடிய மலாய்ச் சங்கங்களின் மாநாடு ஓனைத் தலைவராக ஏற்றது. ஏப்ரல் 1 அன்று ஆளுநர் எட்வர்ட் ஜென்ட் பதவியேற்ற விழாவுக்குச் செல்ல வேண்டாம் என ஓன் சுல்தான்களை இணங்கச் செய்தார். மலாய் ஆடவர் ஏழு நாள் சொங்கோக் தொப்பியில் வெள்ளைத் துணி சுற்றித் துக்கம் காத்தனர். மே 11 அன்று ஜொகூர் பாருவின் இஸ்தானா பெசார் அரண்மனையில் ஓன் தலைமையில் அம்னோ என்னும் மலாய்க்காரர் கட்சி நிறுவப்பட்டது. வன்முறையின்றி எழுந்த இந்த எதிர்ப்புக்குச் செவிசாய்த்த லண்டன் திட்டத்தைக் கைவிட, 1948 பிப்ரவரி 1 அன்று மலாயா கூட்டரசு தோன்றியது.

ஆயினும் செவிசாய்ப்பு எல்லாருக்கும் கிடைக்கவில்லை. கூட்டரசுத் திட்டத்தில் குடியுரிமை சுருங்குவதை எதிர்த்து, மலாயா இந்தியர் காங்கிரசும் இடம்பெற்றிருந்த கூட்டணி 1947 அக்டோபர் 20 அன்று நாடு தழுவிய ஹர்த்தால் நடத்தியது. காந்திய மரபிலிருந்து பெயரையும் முறையையும் பெற்ற அந்தக் கடையடைப்பு அமைதியாக நடந்தும் ஆட்சியாளரை அசைக்கவில்லை. கேட்பவர் தமக்கு முக்கியமானவராகக் கருதுவோரின் சொல்லே எடுபடும் என்பது இம்முறையின் மிகப்பெரிய குறை.

1949இல் அமைந்த சமூகங்களின் தொடர்புக் குழுவில், இலங்கைத் தமிழரான இ. இ. சி. துரைசிங்கம் தலைமையில் பல இனத் தலைவர்களுடன் அமர்ந்து பேசிய ஓன், பிறருக்கும் குடியுரிமையை விரிவாக்க வேண்டும் என்ற கருத்துக்குத் தாமே வந்து சேர்ந்தார். இணங்கவைப்பவராக அறியப்பட்டவர் இணங்கியவராகவும் ஆனது அவருடைய பெருந்தன்மைக்குச் சான்று. குடியுரிமை குறித்து அம்னோவைத் தயக்கத்துடனேனும் இசையச் செய்த அவரால், கட்சியின் கதவை எல்லா இனத்தாருக்கும் திறக்கச் செய்ய இயலவில்லை. 1951 ஆகஸ்ட்டில் அவர் விலக, துங்கு அப்துல் ரகுமான் தலைவரானார். ஓன் தொடங்கிய மலாயா சுதந்திரக் கட்சி, 1952 பிப்ரவரியில் நடந்த கோலாலம்பூர் நகராட்சித் தேர்தலின் 12 இடங்களில் இரண்டை மட்டுமே வென்றது. ஆயினும் அவ்வாண்டு செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த குடியுரிமை விதித் திருத்தத்தால், மலாயாவில் பிறந்த சீனர், இந்தியர் பலருக்குக் குடியுரிமை பெறும் வழி முன்னினும் அகலமாயிற்று.