பூஞ்சேரிப் பாறையில் ஏழு பெயர்கள்: சிற்பியின் கல்வி பற்றிய ஒரு மறுபரிசீலனை

தெய்விகக் கலைகளும் பரம்பரைக் கைத்தொழில்களும் மாணவன் தன்னைத் தான் அறிவதற்குரிய சாதனங்கள் என்னும் கொள்கை இன்று கல்வியாளர்களிடையே ஐயத்துக்கு இடமற்ற சித்தாந்தம் போல வழங்கி வருகிறது. அதற்கு ஆதாரமாக யார் எதை எழுதியிருந்தாலும், அடி வரையில் தோண்டிப் பார்த்தால் நமக்கு அகப்படுபவை பெரும்பாலும் ஒருவருடைய நூல்களே. 1877-இல் கொழும்பில் பிறந்து 1947-இல் பாஸ்டன் நகரருகே மறைந்த ஆனந்த குமாரசுவாமியையே குறிப்பிடுகிறேன். நம் செப்புத் திருமேனிகளை உலகம் கண்கொண்டு பார்க்கும்படி செய்த அப்பெரியாரிடம் எனக்குள்ள பக்தி சிறிதன்று. ஆயினும் சிற்பியின் கல்வியைப் பற்றி அவர் தம் பிற்கால நூல்களில் நிறுவிய கருத்து நம் நாட்டுக் கல்வெட்டுகளுக்கும் பட்டறைகளுக்கும் பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அவர் கருத்தைச் சுருக்கினால் இவ்வாறு நிற்கும்: சிற்பி ஒரு யோகி, தியான சுலோகத்தை ஓதி மனத்தை ஒருமுகப்படுத்தி, தான் என்னும் உணர்வு அற்ற நிலையில் உள்ளே கண்ட மூர்த்தியையே அவன் புறத்தே கல்லிலும் உலோகத்திலும் வடிக்கிறான், தன்னை இழந்தவனாதலால் தன் பெயரைப் பொறிப்பதில்லை, குருகுலத்தில் அவன் கற்பதும் அந்தத் தன்னிழப்பையே. இக்கொள்கை இரண்டு தூண்களின்மேல் நிற்கிறது. ஒன்று தியானம், மற்றொன்று பெயரின்மை.

முதல் தூணைப் பார்ப்போம். 1934-இல் வெளிவந்த அவருடைய கலைத் தத்துவ நூலிலும், அதற்கு முந்திய சிவ நடனக் கட்டுரைத் தொகுதியிலும், சிற்பி தியானத்தாலன்றி வேறெவ்வழியாலும் பிரதிமையை அமைக்கலாகாது என்பதற்கு முக்கியச் சாட்சியாக வருவது சுக்கிரநீதி சாரம். இந்நூலைக் குஸ்தவ் ஆப்பர்ட் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1882-இல் சென்னையில் பதிப்பித்தார். துப்பாக்கியையும் வெடிமருந்தையும் பற்றி விரிவாகப் பேசும் ஒரு நீதி நூலின் பழமை அன்றே சிலருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. 1962-இல் லல்லன்ஜி கோபால் அந்நூல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டது என்று காரணங் காட்டி வாதிட்டார். அவ்வாதத்தை முழுமையாக ஒப்புக்கொள்ளாதவர்களும் உண்டு. சிற்பப் பகுதியில் பழைய சரக்குக் கலந்திருக்கலாம் என்பதை நானும் மறுக்கவில்லை. ஆனால் காலம் இத்தனை தடுமாறும் ஒரு நூலைச் சாட்சிக் கூண்டில் ஏற்றி, ஆயிரம் ஆண்டுச் சிற்பிகளின் அகவாழ்வுக்கு அதனிடம் வாக்குமூலம் வாங்குவது முறையாகுமா? குமாரசுவாமி 1962-ஐக் காணாமல் மறைந்தவர், அவர்மேல் குற்றமில்லை. அதன் பின்னரும் அதையே எடுத்தோதும் நம்மவர்மேல்தான் குற்றம்.

தியான சுலோகங்களே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. ஆகமங்களிலும் சிற்ப நூல்களிலும் அவை நிறைய உண்டு. எத்தனை கைகள், எக்கையில் எந்த ஆயுதம், என்ன வர்ணம், எந்த ஆசனம் என்பவற்றை மறவாதபடி மனத்தில் கட்டி வைக்கும் ஞாபக சூத்திரங்களாகவே பட்டறையில் அவை பயன்பட்டன என்று கருதுகிறேன். பூஜை செய்பவருக்குத் தியானமாக இருக்கும் அதே சுலோகம் தச்சனுக்கு அளவுகோலின் துணைவன். ஒரே பாட்டு இருவர் வாயில் இரு வேலை செய்வது நம் மரபில் புதுமையன்று.

இதைக் காட்டிலும் கவனிக்கத் தக்கது, குமாரசுவாமியின் முதல் பெருநூலே அவருடைய பிற்காலக் கருத்துக்கு எதிர்ச்சாட்சியாக நிற்பதாகும். இலங்கைக் கனிப்பொருள் ஆய்வுத் துறையின் தலைவராகக் கண்டி நாட்டுக் கிராமங்களில் காடும் மேடும் நடந்து, ஓவியரையும் தட்டாரையும் நெசவாளரையும் வேலை செய்யும் இடத்திலேயே கண்டு எழுதிய அனுபவத்தின் பயன் 1908-இல் வெளிவந்த அவருடைய இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய நூல். அதில் ஓவியம் பயிலும் சிறுவனின் ஆரம்பப் பாடமாக அவர் குறிப்பது தியானத்தையன்று. ‘வக தெக’ எனப்படும் இரட்டை வளைவை. வளைவு கைவந்த பிறகு அதிலிருந்து கொடி, கொடியிலிருந்து பூ, பூவிலிருந்து அன்னமும் யாளியும் என்று கை வளர்கிறது. இவ்வளவு துல்லியமாகக் கையைக் கவனித்த கண், பாஸ்டன் அருங்காட்சியகத்தில் நூல்களிடையே அமர்ந்த பிற்காலத்தில், கையை விட்டுவிட்டு ஏட்டைப் பற்றிக்கொண்டது. 1934-ஆம் ஆண்டுக் குமாரசுவாமிக்கு 1908-ஆம் ஆண்டுக் குமாரசுவாமியைவிடத் தக்க மறுப்பாளர் எனக்குத் தெரிந்து எவருமில்லை.

இனி இரண்டாம் தூண். பெயரின்மைக்கு எடுத்துக்காட்டாக மண்டகப்பட்டைச் சொல்லலாம். செங்கல்லும் மரமும் உலோகமும் சுண்ணமும் இன்றி மும்மூர்த்திகளுக்கு இக்கோயிலை விசித்திரசித்தன் ஆக்குவித்தான் என்று கூறும் அந்தக் கல்வெட்டில் சிற்பியின் பெயர் இல்லைதான். ஆனால் ‘ஆக்குவித்தான்’ என்னும் பிறவினையை நோக்க வேண்டும். ஆக்குவித்தவன் விசித்திரசித்தனாகிய மகேந்திரவர்மன், ஆக்கியவன் வேறொருவன் என்பதை அந்த வினைச்சொல்லே ஒத்துக்கொள்கிறது. அவன் பெயர் விடுபட்டதற்குக் காரணம் அவனுடைய துறவன்று. அது அரசனுடைய சாசனம் என்பதே. சாசனம் வேறு கைக்குப் போனால் பெயர்களும் வந்துவிடுகின்றன. பட்டடக்கல்லில் விக்கிரமாதித்தனின் தேவி லோகமகாதேவி எடுப்பித்த கோயிலில், அதைக் கட்டிய குண்டன் அநிவாரிதாசாரி பெற்ற விருதுகளே சிறப்பாகச் சொல்லப்பட்டுள்ளன. தஞ்சைப் பெரிய கோயிலில் குஞ்சரமல்லன் ராஜராஜப் பெருந்தச்சனென்று அரசன் பெயரையே தன் பட்டமாகச் சூடி நிற்கிறான். இவை எல்லோரும் அறிந்தவையாதலால் இங்கே விரிக்கவில்லை.

நான் நின்று பேச விரும்புவது பூஞ்சேரியில். மாமல்லபுரத்துக்கு மேற்கே, நடந்து போகக்கூடிய தூரத்தில் உள்ள அச்சிற்றூரில், ஒரு பாறையில் அரசன் பெயரோ ஆட்சியாண்டோ மெய்க்கீர்த்தியோ எதுவும் இன்றிச் சில பெயர்கள் மட்டும் வெட்டப்பட்டுள்ளன. அறிஞர்கள் எடுத்துக்காட்டுபவை ஏழு: கேவாத பெருந்தச்சன், குணமல்லன், பய்யமிழிப்பான், சாதமுக்கியன், கலியாணி, திருவொற்றியூர் அபாஜர், கொல்லன் ஸேமகன்.

இது கொடைச் சாசனமன்று; எவரையும் புகழவில்லை; எவருக்கும் எதையும் கட்டளையிடவுமில்லை. வேலைக் களத்தில் தம்மைத் தாமே பதிந்து வைத்தவர்களின் பட்டியலாகவே எனக்குப் படுகிறது. தலைமைத் தச்சன் முதலில் நிற்கிறான். கொல்லன் கடைசியில் நிற்கிறான். கல் தச்சர் நடுவே கொல்லனுக்கு என்ன வேலை என்று கேட்பவர் கருங்கல்லில் உளி பிடித்தறியாதவர். அரைநாள் வேலையில் முனை மழுங்கிப் போகும். உலையில் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துப் பதம் ஏற்றித் தருபவன் பக்கத்திலேயே இல்லாவிட்டால் பெருந்தச்சன் கையும் ஓய்ந்துபோகும். திருவொற்றியூரோ அங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல் வடக்கே. அவ்வளவு தொலைவிலிருந்து வந்தவர் ‘அர்’ விகுதி பெற்று மரியாதையோடு குறிக்கப்படுகிறார். ஆக ஒரு கூட்டம், அதில் தலைமை, வெளியூர் விருந்தாளி, உதவித் தொழிலாளி என்று ஒரு பட்டறையின் உருவம் முழுவதும் அப்பாறையில் கிடைக்கிறது.

மூன்றாவது பெயரே என்னை நெடுநாள் உறங்கவிடாதது. ‘பய்ய’ என்பது ‘பைய’ என்பதன் எழுத்து வேறுபாடு என்பதில் எனக்கு ஐயமில்லை. ஐகாரத்தை ‘அய்’ என்று எழுதுவது கல்வெட்டுகளில் பெருவழக்கு. ‘மிழி’ என்பதோ மலையாளத்தில் இன்றும் கண்ணைக் குறிக்கும் சொல். நம் ‘விழி’யின் உடன்பிறப்பு. அப்படியாயின் பய்யமிழிப்பான் என்பது ‘மெல்லக் கண் திறப்பவன்’ என்று பொருள்படும். திருமேனி முழுதும் முடிந்த பின் கடைசியாகப் பொன்னுளியால் கண்ணைத் திறக்கும் சடங்கை அறிந்தவர்களுக்கு இப்பெயர் என்ன நினைவூட்டும் என்று சொல்ல வேண்டியதில்லை. அவ்வேலையில் கை நடுங்காதவன் என்று கூட்டத்தார் இட்ட பட்டமே இது என்று நான் துணிகிறேன்.

இத்துணிபுக்கு எதிராகச் சொல்லத் தக்கவை எனக்கும் தெரியும். தூக்கக் கண்ணுள்ள ஒருவனுக்குத் தோழர்கள் வைத்த கேலிப்பெயராகவும் இது இருக்கலாம். தமிழ்க் கல்வெட்டு ஒன்றுக்கு மலையாளத்திலிருந்து பொருள் தேடுவது வழுக்கும் நிலம். முதற்பெயரிலுள்ள ‘கேவாத’ என்பதும் இன்னும் துலங்கவில்லை. ஆயினும் கேலிப்பெயரென்றே வைத்துக்கொண்டாலும் என் வாதத்துக்குக் கேடில்லை; கேலிப்பெயர் இடுவதற்கும் ஒரு மனிதனை அடையாளம் கண்டிருக்க வேண்டும். தன்னை இழந்த யோகிகளின் கூட்டம் ஒருவனுடைய கண்ணிமையைப் பார்த்துப் பெயர் வைத்துக்கொண்டிராது.

காலத்தைப் பற்றி உறுதி கூற இயலவில்லை. எழுத்தமைதி பல்லவர் காலத்தைக் காட்டுகிறது; ஏழாம் நூற்றாண்டா எட்டாம் நூற்றாண்டா என்பதை அதைக்கொண்டு மட்டும் அறுதியிடலாகாது. மாமல்லபுரத்துப் படைப்புகளின் காலமே வழக்கில் இருக்கிறது. அவை அனைத்தும் ராஜசிம்மனுடையவை என்று இரா. நாகசாமி 1962-இல் வாதிட்டதும், பலர் அதை ஏற்காததும் பிரசித்தம். இந்த எழுவர் ரதங்களைச் செதுக்கியவர்களா, பாறை பிளந்தவர்களா என்பதும் முடிந்த முடிபன்று.

அப்படியானால் சிற்பி தன்னை அறிவது எவ்வாறு? சுவாமிமலையில் ஒரு ஸ்தபதி வேலை தொடங்குவதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்களுக்கு விடை கிடைக்கும். திருமேனியின் உயரத்துக்குத் தென்னை ஓலை ஒன்றை நறுக்கி, முகம், அரை முகம், கழுத்து என்ற பகுப்புகளை மடித்து மடித்து நகத்தால் தழும்பாக்குகிறார். உத்தம தசதாளமாயின் அந்த ஓலையின் நீளம் 124 கூறுகள். அந்த ஓலையை ஒட்டியே தேன்மெழுகும் குங்கிலியமும் கூட்டிய கருவை உருட்டி, சேர்த்து, வழித்து எடுக்கிறார். பயிலும் சிறுவனின் முதல் மடிப்பு ஒரு நெல்லளவு பிசகினால் முழங்காலில் தெரியும். அவசரக்காரனின் மெழுகில் அவசரம் தெரியும். பயந்தவன் விரலில் பயம் தெரியும். அவன் தன்னைக் காண்பது அந்தப் பிழையில்தான். அதைக் காட்டுபவர் ஆசிரியர். திருத்துவது அவன் கையே. இதில் தன்னிழப்பு எங்கே? நான் காண்பது தன்னைத் திருத்திக்கொள்ளுதலையே.

கைத்தொழிலே ஆத்ம ஞானத்துக்கு வழி என்று கல்வித் திட்டமாக வகுத்துப் பேசியது பிற்காலத்து வளர்ச்சி. 1850-இல் டாக்டர் ஹண்டர் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளிக்கு அந்நோக்கமில்லை. 1884-இல் அங்கு வந்த ஹாவெல், பின்னர் குமாரசுவாமி, 1919-இல் சாந்திநிகேதனத்துக் கலாபவனம், 1937-இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி என்ற வரிசையில் அது படிப்படியாக உருப்பெற்றது. அதன் நன்மைகள் பல. ஆனால் அந்நன்மையைப் பழஞ்சிற்பியின் தலையில் ஏற்றிவைத்து, அவன் பெயரைப் பறித்ததை மட்டும் ஏற்க முடியாது.

1957-இல் மாமல்லபுரத்தில் சிற்பப் பயிற்சிக் கூடம் ஏற்பட்டது. பூஞ்சேரி அதன் பக்கத்தூர். அங்கே பயிற்றுவிக்கும் பெரியோர்களிடம் எனக்கு ஒரே விண்ணப்பம்: முதலாண்டு மாணவர் கையில் உளியைக் கொடுப்பதற்கு முன், ஒருநாள் காலையில் அவர்களை அந்தப் பாறைக்கு அழைத்துச் சென்று, வெயில் சாய்வாக விழும்போது அவ்வேழு பெயர்களையும் அவர்களே எழுத்துக் கூட்டி வாசிக்கும்படி செய்யுங்கள்.