கரண்டு முடியும் நாள் வரைக்கும்

இலங்கையில் கோப்பி இலைத் துரு நோயை முதன்முதலாக 1869இல் மடுல்சீமையில்தான் கண்டார்கள். லுணுகலைக்குப் பக்கத்து மலை அது. அடுத்த பத்துப் பதினைந்து வருடத்தில் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. ஊவா மலைகளின் வரலாற்றை எழுதியவர்கள் யாரும் அந்த நோயை விட்டுவிடவில்லை. ஆனால் அதே மலைகளில் வேலை செய்த மனிதரின் வாயில் வந்த நோயைப் பற்றி எழுதியவர்கள் மிகக் குறைவு. லுணுகலைப் பக்கத்துத் தோட்டங்களில் டிஸ்பென்சராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். வாய்ப் புற்றுநோய் என்று தெரிந்தவர்களை மகரகமைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு அனுப்பி வைத்ததும், அங்கிருந்து வந்தவர்களைத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் போய்ப் பார்த்ததும் என் வேலையில் பெரிய பங்கு. எங்கள் சனம் அந்தச் சிகிச்சையை எப்படித் தாங்கியது, எவை தாங்க உதவின என்பதும் இந்த மலைகளின் வரலாறுதான்.

கோப்பிக் காலத்தில் திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கங்களிலிருந்து வந்தவர்கள் வெற்றிலைப் பழக்கத்தையும் கொண்டு வந்தார்கள். ஊரில் அது கல்யாணத்துக்கும் கோயிலுக்கும் திண்ணைப் பேச்சுக்கும் உரியது. தோட்டத்தில் அது வேலையோடு ஒட்டிக்கொண்டது. விடியற்காலை வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டுக்கு முன் ஒரு வாய், பத்து மணிப் பசிக்கு ஒரு வாய், மழை பிடித்தால் இன்னொரு வாய். காலில் அட்டை ஏறினால் சுண்ணாம்பும் புகையிலையும் கலந்த எச்சிலைத்தான் அதன் மேல் துப்புவார்கள். பாக்குக்கும் பஞ்சமில்லை, லுணுகலையிலிருந்து பிபிலைப் பக்கம் இறங்க இறங்கக் கமுகு மரங்கள்தான். கொழுந்து பறிக்க இரண்டு கையும் வேண்டும். வாயில் அடக்கிய புகையிலைக்குக் கை வேண்டாம். அதனால் பெண்களிடம் அந்தப் பழக்கம் ஆழமாக வேரூன்றியது. பலர் அடக்கியபடியே தூங்கிவிடுவார்கள். “எந்தப் பக்கம் அடக்குவீங்க பாட்டி?” என்று கேட்டால் ஒரு கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார்கள். டோர்ச் அடித்துப் பார்த்தால் புண்ணும் பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கும்.

தோட்டத்துக்கு மருத்துவம் சட்டத்தின் வழியாக வந்தது. 1872இல் முதல் மருத்துவத் தேவைகள் சட்டம். 1912இல் அதைத் திருத்திய சட்டமும், தொழிலாளர் நோய்கள் பற்றிய இன்னொரு சட்டமும். லயத்தைச் சுத்தமாக வைப்பதும், நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதும் தோட்டத் துரையின் கடமை என்று அவை சொல்லின. 1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் உதவியோடு கொக்கிப்புழு ஒழிப்பும் தோட்டங்களில் தொடங்கியது. கொலரா, அம்மை, கொக்கிப்புழு எல்லாம் வேலையாட்களைக் கூட்டமாகச் சாய்க்கும் நோய்கள். ஆகவே அவற்றுக்குச் சட்டமும் செலவும் வந்தன. வாய்ப் புற்று அப்படிப்பட்டதல்ல. உழைப்பெல்லாம் கொடுத்து முடித்த ஐம்பது வயதில், ஒருவர் ஒருவராக, சத்தமில்லாமல் வரும். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் பேர் நின்றுபோன ஒருவரின் நோய் எந்தக் கணக்கிலும் ஏறவில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் வாய்ப் புண்ணுக்கு இருந்தவை ஊதா நிற ஜென்ஷன் வயலட்டும் போராக்ஸ் கிளிசரினும்தான். வெள்ளைப் படலத்துக்கு அவை கேட்கும். புற்றுக்கு என்ன செய்யும்?

இத்தனைக்கும் காரணம் தெரியாத நோய் அல்ல இது. குமரி மாவட்டத்து நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த மருத்துவர்கள் தென்னிந்திய வாய்ப் புற்றைப் பற்றி 1908இலேயே பிரித்தானிய மருத்துவ இதழில் எழுதினார்கள். அதே ஆஸ்பத்திரியின் டாக்டர் ஓர், வெற்றிலையோடு புகையிலை போடுகிறவர்களின் வாய்ப் புற்றைப் பற்றி 1933இல் லான்செட் இதழில் எழுதினார். புகையிலை சேர்ந்த வெற்றிலை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகாமை 1985இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே போதும் என்று அதே முகாமை 2004இல் சொன்னது. இலங்கையில் பல் மருத்துவர் சமன் வர்ணகுலசூரியவும் கூட இருந்தவர்களும் 1980களின் தொடக்கத்தில் ஒரு வேலை செய்தார்கள். கிராமத்துச் சுகாதார ஊழியர்களுக்கே பயிற்சி கொடுத்து ஆயிரக்கணக்கானோரின் வாயைப் பார்க்க வைத்தார்கள். ஊழியர்கள் சந்தேகமான புண்களைச் சரியாகவே கண்டுபிடித்தார்கள். ஆனால் மேல் பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர் போகவில்லை. அந்த முடிவு வெளிவந்தது 1984இல். எங்கள் தோட்டங்களை அறிந்த யாருக்கும் அது புதுச் செய்தி அல்ல.

நோய் தெரிந்த பிறகு மகரகமைக்குப் போக வேண்டும். 1950களில் உருவான அந்தப் புற்றுநோய் வைத்தியசாலைதான், இன்று அபேக்ஷா என்று அழைக்கப்படுவது, வெகுகாலம் எங்களுக்கு இருந்த முக்கியமான வாசல். லுணுகலையில் பஸ் ஏறி, பசறை தாண்டிப் பதுளை. 1924இல் பதுளைக்கு வந்த ரயில்தான் அங்கிருந்து துணை. சாயங்காலம் இரவு மெயிலில் ஏறினால் விடியும்போது கொழும்புக் கோட்டை. பிறகு புறக்கோட்டையிலிருந்து 138ஆம் நம்பர் பஸ். சிகிச்சைக்குக் காசு வாங்குவதில்லை. ஆனால் கூடப் போகிறவருக்கு அன்றைக்குப் பேர் இல்லை, அதாவது நாட்சம்பளம் இல்லை. தங்கவும் சாப்பிடவும் செலவு. சிங்களம் பேசத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

வாய்ப் புற்றுக்குக் கரண்டு வைப்பது, அதாவது கதிர்வீச்சுச் சிகிச்சை, வழக்கமாக ஆறு, ஏழு வாரம். வாரத்தில் ஐந்து நாள். முப்பது தடவையோ அதற்கு மேலோ. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் வாய் உள்ளே சிவந்து வெந்துபோகும். எச்சில் கட்டியாகும், பிறகு வற்றும். சோறு மணலாகத் தெரியும். அப்போதுதான் ஒரு சனிக்கிழமை ஆள் லயத்துக்கு வந்து சேருவார். “வேணாம் டாக்டரய்யா, சாவுறதா இருந்தா என் காம்பராவுலயே சாவுறேன்” என்பார். திங்கட்கிழமை ரயில் போய்விடும், அவர் போகமாட்டார். நடுவில் விட்ட ஒவ்வொரு நாளும், புற்று அடங்கும் வாய்ப்பில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் குறைக்கிறது என்பது மருத்துவர்கள் கண்ட கணக்கு. பாதியில் நின்ற கரண்டு பலரை மண்ணுக்கு அனுப்பியிருக்கிறது. வலியையும் வாந்தியையும் வாய்ப் புண்ணையும் தணிப்பது சிகிச்சைக்கு வெளியே நடக்கும் உபசாரம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். கடைசி நாள் வரை ஒருவரைக் கரண்டு மேசையில் படுக்க வைப்பது அந்தத் தணிப்புத்தான்.

மகரகமையில் தாதிமார் சொல்லிக் கொடுத்ததும், லயத்துப் பெண்கள் தங்கள் புத்தியால் கண்டதும் சேர்ந்து ஒரு முறை உருவானது. முதலில் வாய் கழுவல். கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு கோப்பை. அதில் கால் தேக்கரண்டி அப்பச்சோடா, அதில் பாதி உப்பு. சாப்பிட்ட பிறகும், படுக்குமுன்னும், இடையில் நாலைந்து தடவையும் வாயில் வைத்துச் சுழற்றித் துப்ப வேண்டும், விழுங்கக் கூடாது. அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். கடையில் விற்கும் காரமான வாய்க் கழுவல் மருந்துகளில் மதுசாரம் இருக்கும்; அது வெந்த புண்ணில் எரியும். அப்பச்சோடா ஒவ்வொரு லயத்து அடுப்படியிலும் உண்டு. புண் முற்றியவர்கள்கூட இந்தத் தண்ணீரைப் பிடித்துக்கொண்டுதான் நாட்களைக் கடந்தார்கள்.

அடுத்தது சாப்பாடு. எங்கள் சாப்பாடு ரொட்டியும் கட்டச்சம்பலும். இரண்டும் அந்த வாய்க்கு ஆகாது. குழைய வடித்த கஞ்சியை மெல்லிய துணியில் வடிகட்டி, தேங்காய்ப்பால் சேர்த்து, சூடு தணித்துக் கொடுப்பார்கள். அவித்த முட்டையைப் பாலில் மசிப்பார்கள். பட்டர்புரூட், பப்பாசி, கதலிப்பழம் எல்லாம் மசித்துத்தான். புளியும் மிளகாயும் தோடம்பழமும் கூடாது. வலி மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்பே கொடுத்துவிட்டால் விழுங்குவது லேசாகும். அப்படியும் முடியாவிட்டால் மூக்கு வழியாகக் குழாய். குழாய் வைத்தால் ஆள் பிழைக்கமாட்டார் என்று லயத்தில் ஒரு பேச்சு இருந்தது. குழாய் வைத்துக்கொண்டவர்கள்தான் எடை குறையாமல் கரண்டை முடித்தார்கள் என்பதைக் காட்டித்தான் அந்தப் பயத்தைப் போக்கினோம். மோர்ஃபினுக்கும் அதே கதை. 1986இல் உலக சுகாதார நிறுவனம் புற்று வலிக்குப் படிப்படியாக மருந்து கொடுக்கும் முறையை வகுத்து, கடும் வலிக்கு வாய்வழி மோர்ஃபினை வைத்தது. அது சாகப் போகிறவருக்குக் கொடுக்கும் மருந்து என்ற எண்ணம் இன்னும் போகவில்லை. வலி தாங்காமல் ஓடி வருகிறவரை வார்டில் இருக்க வைக்கும் மருந்து அது.

கரண்டு தொடங்குமுன்னே சொத்தைப் பற்களைப் பிடுங்குவார்கள். “வாயில புண்ணுன்னு போனா பல்லைப் புடுங்குறாங்க” என்று அதற்கே திரும்பி வந்தவர்கள் உண்டு. கரண்டு பட்ட தாடை எலும்பில் பிற்காலத்தில் பல் பிடுங்கினால் காயம் ஆறாமல் எலும்பே அழுகக்கூடும். முன்கூட்டியே பிடுங்குவது அதற்காகத்தான். கழுத்தில் உலோகம் இருக்கக் கூடாது என்பதால் தாலியைக் கழற்ற வேண்டும். அதற்கு ஒரு பெண் அழுதுகொண்டு நின்றபோது அவருடைய மாமியார் தாலியை வாங்கித் தன் முந்தானையில் முடிந்துகொண்டார். “இது என் மகன் கட்டுனது. நான் வச்சிருக்கேன், நீ போய்ப் படு” என்றார். அந்தப் பெண் எல்லாத் தடவையும் முடித்தார். தோலில் போட்ட அடையாளக் கோடுகளைத் தேய்க்கக் கூடாது. அந்த இடத்தில் மஞ்சளோ எண்ணெயோ திருநீறோ பூசக் கூடாது. வெயில் படக் கூடாது. கம்பளி மஃப்ளருக்குப் பதில் பழைய பருத்திச் சேலைத் துண்டு நல்லது.

வாய் திறக்கும் பயிற்சியை யாரும் விடக் கூடாது. பாக்கு போட்டவர்களின் கன்னம் ஏற்கெனவே இறுகியிருக்கும். கரண்டு அதை இன்னும் இறுக்கும். தட்டையான ஐஸ்கிரீம் குச்சிகளை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி, பற்களுக்கு நடுவே வைத்துச் சிறிது நேரம் பிடிக்க வேண்டும். வாரம் போகப் போக ஒரு குச்சி கூட வேண்டும். நல்ல வாய் அவரவர் மூன்று விரல் செங்குத்தாக நுழையும் அளவு திறக்கும். பேரப்பிள்ளைகள் லுணுகலைக் கடைகளில் பொறுக்கிய குச்சிகளைக் கழுவி அவித்துக் கொண்டு வந்து பாட்டிக்குக் கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

மருந்து ஏற்றுவது பின்னால் பரவலாக வந்தது. வாய்ப் புற்றுக்குக் கரண்டோடு சேர்த்துச் சிஸ்பிளாட்டின் கொடுக்கிறார்கள். அது கடுமையாக வாந்தி வரவைக்கும். 1990களில் ஒன்டன்செட்ரோன் புழக்கத்துக்கு வந்த பிறகுதான் அந்த வாந்திக்குக் கடிவாளம் கிடைத்தது. வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவதில் பயன் குறைவு. சொன்ன நேரத்துக்கு முன்கூட்டியே போட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிட வேண்டும். குமட்டலுக்கு இளஞ்சூட்டில் இஞ்சி போட்ட பிளேன்டீ பலருக்குக் கேட்டது. வாயில் புண் இருந்தால் இஞ்சி எரிக்கும், அப்போது வேண்டாம். லயத்துக் காம்பராவில் அடுப்பும் படுக்கையும் ஒன்றாகவே இருக்கும். தாளிக்கும் வாசனைக்கே குமட்டல் வரும். பக்கத்துக் காம்பராக்காரர்கள் அந்த வாரங்களில் தங்கள் அடுப்பில் அந்த வீட்டுக்கும் சேர்த்துச் சமைத்தார்கள். எந்தப் புத்தகத்திலும் இல்லாத மருத்துவம் அது.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். மருந்து ஏற்றிய பிறகு இரத்தத்தில் வெள்ளணுக்கள் குறையும். அப்போது காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் பனடோல் போட்டுப் படுக்கக் கூடாது. இரவானாலும் கிளினிக் கார்டோடு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். சில மணித்தியாலத்திலேயே உயிர் போகக்கூடும். அந்த நாட்களில் பீலித் தண்ணீரைக் கொதிக்க வைத்தே குடிக்க வேண்டும்.

இன்று பதுளையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. கண்டியிலும் தெல்லிப்பளையிலும் சிகிச்சை நிலையங்கள் உண்டு. 2016இல் மெல்லும் புகையிலைப் பொருட்களின் விற்பனையை அரசாங்கம் தடை செய்தது. ஆனாலும் வெற்றிலைப் பை இன்னும் மலைக்குப் போகிறது. பாதியில் திரும்பி வருகிறவர்களும் இருக்கிறார்கள். ஆகவே மூன்று காரியம் நடக்க வேண்டும். சிகிச்சைக்குக் கூடப் போகிறவருக்கு அந்த நாட்களுக்குத் தோட்டம் பேர் போட வேண்டும். கிளினிக்கில் எழுதிக் கொடுக்கும் அறிவுரை தமிழில் இருக்க வேண்டும். தோட்டத்து மருத்துவ உதவியாளர், வார இறுதியில் வீட்டுக்கு வந்தவர் திங்கட்கிழமை திரும்பப் போனாரா என்று லயத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். 1912இல் நோயாளியை ஆஸ்பத்திரிக்கு அனுப்புவதைச் சட்டம் கடமையாக்கியது. சிகிச்சை முடியும்வரை அவரை அங்கே இருக்க வைப்பதும் அந்தக் கடமையின் மிச்சப் பாதிதான்.