கோப்பு இருக்கும் இடமே அலுவலகம்: சிம்லா முதல் கலப்புப் பணிமுறை வரை

பாரசீகத்திலும் உருதுவிலும் இந்தியிலும் அலுவலகத்தைக் குறிக்கும் ‘தஃப்தர்’ என்ற சொல் தொடக்கத்தில் எந்தக் கட்டடத்தையும் குறிக்கவில்லை. பதிவேடு, கணக்குச் சுவடி என்பதே அதன் பழம்பொருள். பதப்படுத்திய தோலைக் குறித்த ‘டிஃப்தெரா’ என்னும் கிரேக்கச் சொல் அதன் மூலம். தோல் ஏடாகி, ஏடு வைக்கும் அறையாகி, இறுதியில் அலுவலகமாயிற்று. ஒரு சொல்லின் இந்தப் பொருள்மாற்றத்துக்குள் இந்திய நிர்வாகத்தின் நெடுங்கால நடைமுறை ஒன்று பதிந்திருக்கிறது: கோப்பு எங்கிருக்கிறதோ அங்கே அலுவலகம் இருக்கும், ஊழியர் அங்கே சென்றாக வேண்டும். வாரத்தில் சில நாள் வீட்டிலும் சில நாள் அலுவலகத்திலும் பணியாற்றும் கலப்புப் பணிமுறைக்கேற்ற அலுவலகம் எப்படி அமைய வேண்டும் என்ற இன்றைய விவாதத்தை இந்த நடைமுறையின் வரலாற்றிலிருந்து தொடங்குவது பயன் தரும்.

ஒரே அலுவலகம் இரண்டு இடங்களில் இயங்குவது இந்தியாவுக்குப் புதிதன்று. 1864இல் வைஸ்ராய் ஜான் லாரன்சின் காலத்தில் சிம்லா பிரிட்டிஷ் இந்திய அரசின் கோடைத் தலைநகரமாயிற்று. கல்கத்தாவிலிருந்து ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்த அம்மலைநகருக்கு ஆண்டுதோறும் அதிகாரிகளும் எழுத்தர்களும் கோப்புப் பெட்டிகளும் சென்று திரும்பின. கால்கா–சிம்லா மலைரயில் 1903இல் திறக்கப்படும்வரை, மலைப்பாதையின் கடைசிப் பகுதியில் அந்தச் சுமை வண்டிகளின் மீதும் கூலிகளின் முதுகின் மீதும் ஏறியது. மாகாண அரசுகளும் இதே வழியைப் பின்பற்றின. சென்னை அரசு உதகைக்கும், வங்க அரசு டார்ஜிலிங்குக்கும் கோடையில் இடம்பெயர்ந்தன.

இந்த வாழ்க்கைமுறை தனக்கேற்ற கட்டடங்களையும் உருவாக்கிக்கொண்டது. 1896–97இல் சிம்லாவில் எழுந்த ரயில்வே வாரியக் கட்டடம் வார்ப்பிரும்பாலும் எஃகாலும் ஆனது. தீயைத் தாங்கும் நோக்குடன் கட்டப்பட்டது. மரவீடுகள் நிறைந்திருந்த மலைநகரில் காகிதத்தை நம்பி நடந்த ஓர் அரசுக்கு அது இன்றியமையாத ஏற்பாடு. ஆனால் இரண்டு ஊர்களில் குடித்தனம் நடத்த நேர்ந்த எழுத்தரின் சிக்கலை எந்தக் கட்டடமும் தீர்க்கவில்லை. ஆளப்படுவோருக்கும் ஆள்வோருக்கும் இடையிலான தொலைவையும் அது தீர்க்கவில்லை. 1921இல் சிம்லாவுக்குச் சென்ற காந்தி, அந்த ஆட்சியை ஐந்நூறாவது மாடியிலிருந்து நடத்தப்படும் ஆட்சியாக உருவகித்து எழுதினார்.

சிம்லாவின் வழக்கம் காலனிய ஆட்சியோடு முடிந்தது. ஜம்மு காஷ்மீரில் அதன் இன்னொரு வடிவம் அண்மைக்காலம்வரை நீடித்தது. மகாராஜா ரன்பீர் சிங் 1872இல் தொடங்கிவைத்த ‘தர்பார் இடமாற்றத்தின்’படி, அரசு கோடையில் ஸ்ரீநகரிலும் குளிர்காலத்தில் ஜம்முவிலும் இயங்கியது. ஆண்டுக்கு இருமுறை நூற்றுக்கணக்கான லாரிகளில் கோப்புகள் மலைப்பாதையைக் கடந்தன. ஆயிரக்கணக்கான ஊழியர்கள் அவற்றோடு இடம்பெயர்ந்தனர். இரு நகரங்களிலும் தலைமைச் செயலகங்கள் இருந்தன. பெயர்ந்து செல்லும் ஊழியருக்குத் தங்குமிடமும் இடமாற்றப் படியும் அரசின் பொறுப்பாக இருந்தன. இரண்டாவது பணியிடத்தின் செலவை அமைப்பே ஏற்றுக்கொண்டது என்பது இங்கே கவனத்துக்குரியது.

2020 மே மாதத்தில் ஜம்மு காஷ்மீர் உயர் நீதிமன்றம், இவ்வழக்கத்துக்குச் சட்ட அடிப்படை இல்லை என்று கூறி, மின்னணு முறையால் அதைத் தவிர்க்கும் வாய்ப்பையும் சுட்டிக்காட்டியது. கோப்புகள் ‘இ-ஆபீஸ்’ மென்பொருளுக்கு மாற்றப்பட்டன. ஆண்டுக்கு ரூ.200 கோடி மிச்சமாகும் என்ற அறிவிப்போடு 2021 ஜூனில் தர்பார் இடமாற்றம் நிறுத்தப்பட்டது. தஃப்தர் என்ற சொல்லின் பழம்பொருள் அன்று ஒருவகையில் செயலிழந்தது. கோப்புக்கு இனி ஊர் இல்லை.

தகவல் தொழில்நுட்பத் துறையில் கோப்பு அதற்கு வெகுகாலம் முன்பே கட்டடத்தை விட்டு வெளியேறியிருந்தது. அங்கே ஊழியரை இடத்தோடு பிணைத்தது சட்டம். அழைப்பு மையங்களுக்கான தொலைத்தொடர்புத் துறையின் விதிகள் வீட்டிலிருந்து பணியாற்றுவதைக் கடும் நிபந்தனைகளுக்கு உட்படுத்தியிருந்தன. அவை 2020 மார்ச்சில் தற்காலிகமாகவும் நவம்பரில் விரிவாகவும் தளர்த்தப்பட்டன. வரிச்சலுகை வேலிக்குள் அமைந்த சிறப்புப் பொருளாதார மண்டலங்களில், 2022 ஜூலையில் சேர்க்கப்பட்ட 43ஏ விதியே பாதி ஊழியர்கள்வரை வீட்டிலிருந்து பணியாற்ற வழிசெய்தது. டாடா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம், 2025க்குள் ஒரு நேரத்தில் 25 விழுக்காட்டினர் மட்டுமே அலுவலகத்தில் இருந்தால் போதும் என்ற திட்டத்தை 2020இல் அறிவித்தது. 2023 அக்டோபரில் ஊழியர்களை வாரத்தின் 5 நாளும் அலுவலகத்துக்கு அழைத்தது.

இந்த ஏற்ற இறக்கங்களுக்கிடையே அலுவலக வடிவமைப்பு பெரும்பாலும் ஒரே கணக்கைப் போட்டது. நாள்தோறும் எல்லோரும் வருவதில்லை என்றால் எல்லோருக்கும் இருக்கை வேண்டியதில்லை. எனவே பெயர் எழுதிய மேசை போய், முன்பதிவு செய்து முறைவைத்து அமரும் மேசை வந்தது. சொந்த இழுப்பறைக்குப் பதில் பொதுப் பூட்டறை வந்தது. நிறுவனத்துக்கு வாடகை குறையலாம். ஆனால் அந்த இருக்கை மறைந்துவிடவில்லை, வீட்டுக்கு இடம் மாறியது. நாற்காலி, மின்சாரம், இணையம், சத்தமில்லாத ஒரு மூலை ஆகியவை இப்போது ஊழியரின் குடும்பத்தின் பொறுப்பு. ஓர் அறையில் மூவர் தங்கும் இளைஞருக்கும், சமையலறையை ஒட்டிய உணவு மேசையிலிருந்து கூட்டத்தில் பேசும் பெண்ணுக்கும் அந்த மூலை எளிதில் கிடைப்பதில்லை. கலப்புப் பணிமுறைக்கான அலுவலகத்தின் வரைபடம் நிறுவனத்தின் சுவரோடு முடிந்துவிட்டால், அதில் பாதிக் கட்டடம் விடுபட்டுப் போகிறது.

தர்பார் இடமாற்றத்தின் கதை 2021இல் முடியவில்லை. 2025 அக்டோபரில் உமர் அப்துல்லா அரசு அதை மீட்டது; நவம்பர் 3 அன்று ஜம்முவில் அலுவலகங்கள் திறந்தன. காகிதக் கோப்புகளைக் காரணம் காட்ட இம்முறை இடமில்லை. குளிர்காலத்தில் காஷ்மீர் ஊழியர் குடும்பங்களின் வருகையை நம்பியிருந்த ஜம்மு வணிகர்கள் அதைக் கோரி வந்தனர். இரு பகுதி மக்களையும் இணைக்கும் பாலமாகவும் அது பேசப்பட்டது. கோப்பு தேவைப்படாத நிலையிலும் மனிதர் கூடுவது தேவைப்பட்டது.

கோப்பைக் காப்பதற்காக எழுந்த கட்டடம், கோப்பு போன பிறகு எதைக் காக்க வேண்டும் என்ற கேள்விக்கு ஜம்மு ஒரு விடை தருகிறது. கூடிப் பேசவும், புதிதாக வந்தவர் மூத்தவரைப் பார்த்துத் தொழில் கற்கவும், வீட்டில் மூலை கிடைக்காதவர் நாள் முழுவதும் அமரவும் இடம் தருவதே அலுவலகத்தின் எஞ்சிய வேலை. இரண்டாவது இடத்தின் செலவை யார் ஏற்பது என்ற கேள்விக்குத் தர்பார் நிர்வாகத்திடம் ஓர் ஏற்பாடு இருந்தது. இன்றைய கலப்புப் பணிமுறை அதற்கு இன்னும் தெளிவான விடை தரவில்லை.