ஆர். ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்': மாஞ்சோலைத் தொழிலாளர் வரலாற்றில் ஓர் ஆவணப்படத்தின் இடம்

முன்னுரை

தமிழக உழைக்கும் மக்களின் வரலாறு பெரிதும் அரசாணைகள், நீதிமன்றத் தீர்ப்புகள், விசாரணை ஆணைய அறிக்கைகள் ஆகியவற்றைக் கொண்டே எழுதப்பட்டு வருகிறது. இச்சான்றுகள் அதிகார அமைப்புகளால் உருவாக்கப்பட்டவை. இவற்றோடு வைத்து ஆராயத்தக்க வரலாற்றுச் சான்றாக ஆவணப்படத்தைக் கொள்ள இயலுமா என்னும் வினாவை, நெல்லையில் இயங்கிய ஆவணப்பட இயக்குநரும் மனித உரிமைச் செயற்பாட்டாளருமான ஆர். ஆர். சீனிவாசனின் 'நதியின் மரணம்' வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

மலைத் தோட்டங்கள்

அம்பாசமுத்திரம் வட்டத்தின் மேற்குத் தொடர்ச்சி மலைப்பகுதியில் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தோட்டங்கள் அமைந்துள்ளன. சிங்கம்பட்டி ஜமீனுக்குரிய ஏறத்தாழ 8,373 ஏக்கர் வனநிலத்தை 1929இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. காட்டைத் திருத்தித் தேயிலை பயிரிட்ட தொழிலாளருள் பெரும்பாலோர் தலித் மக்கள். தலைமுறைகளாக உழைத்தும், நிறுவனம் அளித்த 'லயன்' வீடுகளைத் தவிர அவர்களுக்கு மலையில் சொந்த நிலமோ வீடோ இல்லை.

1999 ஜூலை 23

கூலி உயர்வு கோரிப் போராடிச் சிறைப்பட்ட 600க்கும் மேற்பட்ட தொழிலாளரை விடுவிக்க வலியுறுத்தி, 1999 ஜூலை 23 அன்று திருநெல்வேலியில் பேரணி நடைபெற்றது. புதிய தமிழகம் கட்சியின் தலைவர் க. கிருஷ்ணசாமி உள்ளிட்டோர் இதற்குத் தலைமையேற்றனர். கொக்கிரகுளத்தில் தாமிரபரணிக் கரையில் அமைந்த மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நெருங்கியபோது காவல்துறை தடியடி நடத்தியது. சிதறி ஓடிய மக்கள் ஆற்றில் இறங்கினர். இரு பெண்களும் ஒரு குழந்தையும் உட்பட 17 பேர் உயிரிழந்தனர்.

இரு சான்றுகள்

அரசு அமைத்த நீதிபதி எஸ். மோகன் ஆணையம் காவல்துறையின் நடவடிக்கையை நியாயப்படுத்தியது. இறந்தோருள் பெரும்பாலோர் நீரில் மூழ்கியே மாண்டனர் என்பது அதன் முடிபு.

நெல்லையில் 'காஞ்சனை' திரைப்பட இயக்கத்தின் வழி மாற்றுத் திரைப்படங்களை மக்களிடம் கொண்டு சென்றவர் சீனிவாசன். அவருடைய படம் அன்றைய ஒளிப்பதிவுகளையும் பாதிக்கப்பட்டோரின் வாக்குமூலங்களையும் ஒருங்கே தொகுக்கிறது. காவலர்கள் மக்களை ஆற்றை நோக்கி விரட்டுவதும், நீரில் நின்றோரைத் தாக்குவதும் அவ்வொளிப்பதிவுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே, படம் எழுப்பும் வினா ஆணையத்தின் வினாவினின்றும் வேறுபடுகிறது. எவ்வாறு இறந்தனர் என்பதற்கு உடற்கூறு ஆய்வு விடை தரலாம். ஏன் ஆற்றில் இறங்கினர் என்பதற்கு அது விடை தராது. வரலாற்றாய்வாளனுக்கு இன்றியமையாதது இவ்விரண்டாம் வினாவேயாகும்.

ஆவணப்படமும் ஐயத்துக்கு அப்பாற்பட்ட சான்று அன்று. ஒளிப்பதிவுக் கருவி நின்ற இடமும், படத்தொகுப்பில் ஏற்றவையும் விடுத்தவையும் அதன் எல்லையை வரையறுக்கின்றன. சீனிவாசனின் படம் பாதிக்கப்பட்டோர் பக்கம் வெளிப்படையாகவே நிற்கிறது. எனினும் சார்பு உடைமை ஒன்றே ஒரு சான்றைத் தள்ளுவதற்குக் காரணமாகாது. ஆணைய அறிக்கைக்கும் ஒரு நோக்குநிலை உண்டு. இரண்டையும் ஒப்பிட்டு நோக்குவதே முறையான ஆய்வாகும்.

முடிவுரை

குத்தகைக் காலம் 2028இல் முடிவடையவிருந்த நிலையில், 2024இல் அந்நிறுவனம் விருப்ப ஓய்வுத் திட்டத்தை அறிவித்துத் தோட்டப் பணிகளை முடித்துக்கொண்டது. களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள் அமைந்த இத்தோட்டங்களிலிருந்து தொழிலாளர் குடும்பங்கள் வெளியேறும் நிலை உருவானது. ஊர் கலையும்போது வாய்மொழி நினைவும் சிதறும். அவ்வாறு சிதறுமுன் பதிவான முகங்களையும் குரல்களையும் தாங்கி நிற்பதால், 'நதியின் மரணம்' போராட்டக்காலப் படம் என்னும் நிலையைக் கடந்து அம்மக்களின் ஆவணக்களரியாகவும் ஆகிறது. இத்தகைய படங்களைப் பாதுகாத்து, அவற்றில் இடம்பெறும் வாக்குமூலங்களை எழுத்து வடிவில் பெயர்த்து, ஆணைய அறிக்கையோடு ஒப்பிட்டு ஆராய்வது பல்கலைக்கழக வரலாற்றுத் துறைகள் விரைந்து மேற்கொள்ளவேண்டிய பணியாகும்.