முழங்கால் வீங்குதா? குளிர் மேல மட்டும் பழி போடாதீங்க!

சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில், காபித் தோட்டச் சரிவுகளில் ஏறி இறங்குபவர்களுக்கு முழங்கால் வீங்கினால், 'எல்லாம் குளிராலதான்' என்று விட்டுவிடக் கூடாது.

வீங்குவது ஏன்?

மூட்டின் உட்புறத்தில் இருக்கும் மெல்லிய சவ்வுதான் சைனோவியம். மூட்டு வழுக்கி நகர எண்ணெய் போன்ற திரவத்தைச் சுரப்பது இதன் வேலை. குருத்தெலும்பு தேய்ந்து உதிரும் துகள்கள் உறுத்தும்போது, சவ்வு அழற்சியடைந்து அதிகமாக நீர் சுரக்கிறது. அதுதான் வீக்கமும் வலியும்.

என்ன செய்யலாம்?

வீக்கம் இருக்கும்போது சுமையோடு சரிவில் இறங்காதீங்க. தொடைத்தசைப் பயிற்சியும் எடைக் குறைப்பும் கைகொடுக்கும். 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டிலேயே இயன்முறை சிகிச்சை உண்டு. வலி மாத்திரையை இஷ்டத்துக்குப் போட்டால் வயிறு, சிறுநீரகம் பாதிக்கலாம்.

எப்போது அவசரம்?

மூட்டு திடீரென வீங்கிச் சிவந்து, காய்ச்சலும் அடித்தால் கிருமித்தொற்றாக இருக்கலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போயிடணும்.