தொழிலாளர் சட்டங்களும் நம் மக்களின் குரலும்

நம் கல்விக் கழகம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், இளைஞர்கள் அறிந்திருக்க வேண்டிய வரலாறு ஒன்றைச் சுருக்கமாக எடுத்துரைக்க விழைகின்றோம். உழைப்பவர்க்கான சட்டங்கள் எவ்வாறு பிறந்தன, அவை பிறக்குங்கால் யாரிடம் கருத்துக் கேட்கப்பட்டது என்பதே அது. ஆலங்காயத்தைச் சூழ்ந்த நம் குடும்பங்களில் வாணியம்பாடி, ஆம்பூர் தோல் தொழிற்சாலைகளுக்குச் செல்வோர் உளர். மடியில் முறத்தை வைத்துக்கொண்டு பீடி சுற்றும் தாய்மாரும் உளர். ஆதலின் இவ்வரலாறு நமக்குப் புறம்பானதன்று.

1929 ஆம் ஆண்டு ஆங்கில அரசு, விட்லி என்பார் தலைமையில் தொழிலாளர் நிலையை ஆராய ஓர் ஆணைக்குழுவை அமைத்தது. அது நாடெங்கும் சென்று அதிகாரிகள், முதலாளிகள், தொழிற்சங்கத்தார் ஆகியோரிடம் சாட்சியம் பெற்றது. பெற்றோர் வாங்கிய முன்பணத்திற்கு ஈடாகப் பிள்ளைகளின் உழைப்பை அடகு வைக்கும் கொடுமை அமிர்தசரசு, அகமதாபாத், சென்னை போன்ற இடங்களில் நிலவுவதை 1931 இல் வெளிவந்த அதன் அறிக்கை எடுத்துக்காட்டியது. அதன் பயனாக 1933 இல், பதினைந்து வயதுக்குட்பட்டோரின் உழைப்பை அடகு வைக்கும் ஒப்பந்தம் செல்லாது எனச் சட்டம் வந்தது. மீறிய பெற்றோருக்கு ஐம்பது ரூபாய் வரையும், முதலாளிக்கு இருநூறு ரூபாய் வரையும் தண்டம் விதிக்கப்பட்டது. கொடுமை எழுத்தில் பதிவானால் சட்டம் பிறக்கும் என்பதற்கு இது சான்று. ஆயினும் அடகு வைக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றிப் பெரும்பாலும் பிறரே பேசினர் என்பதையும் மறத்தல் ஆகாது.

1942 சூலையில் அண்ணல் அம்பேத்கர் வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையின் பொறுப்பேற்றார். அரசு, முதலாளி, தொழிலாளி ஆகிய முத்தரப்பும் ஒரே அவையில் அமர்ந்து பேசும் மாநாடு அவ்வாண்டே தொடங்கிற்று. 1944 இல் அமைந்த ரேகே குழு முப்பத்தெட்டுத் தொழில்களின் நிலையை நேரில் ஆராய்ந்தது. பீடித் தொழிலும் தோல் பதனிடும் தொழிலும் அவற்றுள் அடங்கும். நம் மக்களின் உழைப்பு அரசின் ஏடுகளில் விரிவாகப் பதிவாயிற்று. பின்னர் 1966 இல் பீடி, சுருட்டுத் தொழிலாளர்க்கெனத் தனிச் சட்டமே வந்தது.

இங்கு எம் இல்லத்து நிகழ்ச்சி ஒன்றைக் கூறுதல் பொருந்தும். எம் சிறுவயதில் அன்னையார் சுற்றிய பீடிகளைக் கூடையில் கொண்டு செல்லும்போது நாமும் உடன் செல்வோம். கணக்குப்பிள்ளை கட்டுகளைப் புரட்டிப் பார்த்துக் கைநிறைய அள்ளி, "கழிவு" என்று ஒதுக்குவார். ஒதுக்கிய பீடிக்குக் கூலியில்லை. அந்தப் பீடியும் திரும்பி வாராது. அன்னையார் ஒரு சொல்லும் பேசாது திரும்புவார். கழிவு பீடி பற்றியும் அதன் கூலி பற்றியும் எழும் வழக்கை உரிய அதிகாரியிடம் கொண்டு செல்லலாம் என்பது 1966 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இருந்தது. அச்சட்டம் இயற்றப்பட்டுப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் எம் தெருவில் அதனை அறிந்தார் ஒருவருமிலர். பட்டப்படிப்பின்போதுதான் நாமே அதனைப் படித்தறிந்தோம். அன்று எம் நெஞ்சில் எழுந்தது மகிழ்ச்சியன்று, வேதனையே.

அண்மைக் கால வரலாறும் இதனையே கற்பிக்கின்றது. மத்திய அரசின் இருபத்தொன்பது தொழிலாளர் சட்டங்கள் நான்கு தொகுப்புகளாக மாற்றப்பட்டன. பீடித் தொழிலாளர் சட்டமும் அவற்றுள் ஒன்று. ஊதியத் தொகுப்பு 2019 இலும், ஏனைய மூன்றும் 2020 செப்டம்பரிலும் நிறைவேறின. முத்தரப்பு மாநாடோ 2015 இல் கூடியபின் அதுவரை மீண்டும் கூடவில்லை. ஊதியத் தொகுப்பின் வரைவு விதிகள் 2020 சூலையில் வெளியிடப்பட்டு, கருத்துரைக்க நாற்பத்தைந்து நாள் தரப்பட்டது. மத்திய அரசிதழின் மொழிகள் இந்தியும் ஆங்கிலமும் ஆகும். திண்ணையில் பீடி சுற்றும் தாய் அதனை எங்ஙனம் படிப்பார்? 2025 நவம்பர் 21 முதல் இத்தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துவிட்டன.

ஆயினும் சோர்வடைதல் வேண்டா. தொழிற்சாலைகளில் பன்னிரண்டு மணிநேர வேலைக்கு இடமளிக்கும் சட்டமுன்வரைவு 2023 ஏப்ரல் 21 இல் தமிழக சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் ஒன்றுபட்டு எதிர்த்தன. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே நாளன்று திரும்பப் பெறப்பட்டதாக அறிவிப்பும் வந்தது. முன்னதாகக் கேட்டிருக்க வேண்டிய கருத்தைப் பின்னராவது கேட்கச் செய்தது தொழிலாளர்தம் ஒற்றுமையே.

கருத்துக் கேட்பு என்பது கதவைத் திறந்து வைப்பது போன்றது. படிக்கவும் எழுதவும் அறிந்தாரே அதனுள் நுழைய வல்லார். ஆகவே நம் கழகத்திற்கு ஒரு வேண்டுகோள் விடுக்கின்றோம். உழைப்பவரைப் பற்றிய வரைவு எது வெளிவந்தாலும் நம் பட்டதாரி இளைஞர்கள் அதனைத் தமிழில் தெருதோறும் படித்துக் காட்டுதல் வேண்டும். தாய்மார் கூறும் குறைகளை அவர்தம் சொல்லிலேயே எழுதி, கையொப்பமோ கைரேகையோ பெற்று, உரிய நாளுக்குள் அனுப்புதல் வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக நம் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த கழகம் இப்பணியையும் மேற்கொள்ளுமாயின், நம்மைப் பற்றிப் பிறர் பேசிய காலம் மாறி, நமக்காக நாமே பேசும் காலம் மலரும்.