'உத்' எப்படி 'தோ' ஆயிற்று?

எழுபத்து மூன்று வயதில் பேத்தியிடம் பியானோ கற்கிறேன். சமீபமாக எனக்குப் பெயர்கள் மறக்கின்றன. ஆனால் புதுவையில் பிரெஞ்சு வழியில் படித்த 'தோ, ரே, மி' மறக்கவில்லை. பேத்திக்கு அவை 'ஸி, டி, ஈ'. "இந்தப் பேரெல்லாம் எங்கேருந்து வந்தது தாத்தா?" என்றாள்.

11ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் குய்தோ என்றொரு துறவி இருந்தார். பாட்டு மனத்தில் நிற்காமல் தவித்த சிறுவர்களுக்கு அவர் ஒரு வழி கண்டார். ஸ்நாபக அருளப்பர் மீதான லத்தீன் பாடலில் முதல் ஆறு சொற்றொடர்களும் ஒவ்வொரு சுரம் மேலேறித் தொடங்கும். அவற்றின் முதல் அசைகளையே சுரங்களின் பெயராக்கினார்: உத், ரே, மி, ஃபா, சோல், லா. 'சி' பின்னால் சேர்ந்தது. 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியர், பாடுவதற்கு எளிதாக 'உத்'தை 'தோ' ஆக்கினர். பிரெஞ்சு இசை நூல்களில் 'உத்' இன்றும் உண்டு.

அந்த ஆறில் மி, ஃபா இடையே மட்டும் அரைச்சுரம். பியானோவில் அங்கே கறுப்புக் கட்டை கிடையாது. வலக்கையின் கட்டைவிரலை நடுவிரலுக்கு அடியில் நுழைத்து 'ஃபா'வைத் தொட வேண்டியதும் அங்கேதான். தினமும் அங்கேதான் தடுமாறுகிறேன்.

நேற்று தோ, மி, சோல் மூன்றையும் ஒருசேர அழுத்தினேன். "சரியா வந்திடுச்சு தாத்தா!" என்றாள். மறதிக்காரச் சிறுவர்களுக்காக வைத்த பெயர்கள், இந்தக் கிழவனுக்கும் உதவுகின்றன.